வாசல் தொட்டி மண்

அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்குப் பெயர் மண்ணாங்கட்டி. வைத்தவர் தலைவரேதான். பதினோரு வருஷமாக மண்ணைக் கரைத்து, அதிலிருக்கும் பாக்டீரியாவை வளர்த்து, புதிதாக ஏதாவது ஆன்டிபயாடிக் சுரக்கிறதா என்று பார்ப்பதுதானே அவள் பிழைப்பு! மலை மண், சேற்று மண், குகை மண் எல்லாம் பார்த்தாயிற்று. கிடைத்ததெல்லாம் ஏற்கெனவே மருந்துக்கடையில் விற்கிற சமாச்சாரம். வெள்ளிக்கிழமை வரும் ஆய்வுக் குழுவிடம் காட்ட ஒன்றும் இல்லையென்றால் அவள் பிரிவுக்கு மூடுவிழாதான்.

கடுப்பில் ஒருநாள், தலைவர் அறை வாசலில் இருந்த பூந்தொட்டியிலிருந்து ஒரு கரண்டி மண் அள்ளினாள். மனுஷர் மிச்சக் காப்பியைத் தினமும் அதில்தான் கொட்டுவார். இதுவும் வளர்ந்து தொலையட்டும் என்று கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டில் போட்டாள்.

கேலிக்குப் போட்ட தட்டில்தான் காரியம் பலித்தது. எந்த மருந்துக்கும் மசியாத கிருமியைப் பூசிய தட்டு அது. நடுவில் முளைத்த சாம்பல் புள்ளியைச் சுற்றிக் கிருமியெல்லாம் செத்து, துணியால் துடைத்துவிட்ட மாதிரி தெளிந்த வட்டம். தெரிந்த மருந்துகளின் பட்டியல் முழுக்கத் தேடினாள். அப்படியொரு மருந்துப்பொருள் எங்குமே இல்லை. சந்தோஷத்தில் அழுதேவிட்டாள். ஆனால் வேறு தட்டுக்கு மாற்றியதும் பாக்டீரியா சுரப்பதை நிறுத்திவிட்டது. இந்த வகைக்கு அப்படியொரு வீம்பு உண்டு. ஒற்றைத் தட்டைக் காட்டினால் யார் நம்புவார்கள்? மறுபடி அதே மண் வேண்டும்.

வெள்ளி காலை தட்டும் கையுமாக ஓடினாள். தொட்டியில் பளபளவென்று பிளாஸ்டிக் செடி. குழு வருகிறதே என்று மண்ணைக் கொட்டி, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவச் சொன்னதாகத் தலைவர் பெருமையடித்தார். அவள் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் செத்துப்போயிற்று.

"நம்ம தலையில நாமளே மண்ண வாரிப் போட்டுக்கிட்டோம் சார்" என்றாள்.

"போட்டுக்க மண்ணு எங்கம்மா இருக்கு?" என்றார் தலைவர்.

பக்கத்தில் துடைப்பத்தோடு நின்ற துப்புரவுக்காரர் தலையைச் சொறிந்தார். "கோவிச்சுக்காதீங்க சார். இடுப்பு வலி, நான் கொட்டல. பழைய மண்ணுலயே செடியக் குத்தி வச்சுட்டேன்."

சொன்ன வேலையைச் செய்யாதவர்களை நிற்கவைத்துத் திட்டுகிற மனுஷர், கோட்டோடு தரையில் மண்டியிட்டார். பிளாஸ்டிக் செடியைப் பிடுங்கி எறிந்தார். வெறும் கையால் தொடாதீர்கள் என்று அவள் கத்தியது காதில் விழவே இல்லை.

குழு வந்தபோது அவர் உள்ளங்கையில் காப்பி வாடையோடு ஈரமாக ஒரு கட்டி. என்ன அது என்று குழுத்தலைவி கேட்டார். பதினோரு வருஷத்தில் முதல்முறையாகத் தலைவர் அந்த வார்த்தையை மரியாதையோடு சொன்னார்.

"மண்ணாங்கட்டிங்க."

குழுத்தலைவியின் முகம் கறுத்துப்போயிற்று. தட்டும் கையுமாக நின்ற அவள்தான் முன்னால் வந்து, தெளிந்த வட்டம் இருந்த தட்டை அந்த அம்மாள் கையில் கொடுத்தாள்.