முழுவதும் கறக்க வேண்டாம்

1.

இந்தக் கதை ஒரு சீட்டிலிருந்து பிறந்தது. சீட்டில் மூன்றே சொல். அதைத் தப்பாகப் படித்த ஆள் நான்தான். ஆனால் "நான்" என்று எழுதிப் பார்த்தபோது கை கூசியது. அதனால் ஆட்டுக் கொட்டகையில் கூலிக்கு வேலை பார்க்கிற ஒரு கொட்டகைக்காரரை உண்டாக்கி, பழியைத் தூக்கி அவர் தலையில் வைத்துவிட்டேன். அந்தத் தலைக்கு என்னைவிட அடர்த்தியான முடி கொடுத்திருக்கிறேன். அவருக்கும் நஷ்டமில்லை.

2.

முதல் தொடக்கம்: "குட்டிகளைப் பிரிந்த தாயின் கண்களில் ஒரு கடலே..."

வேண்டாம். ஆட்டின் கண்ணில் நான் கடல் எதையும் பார்க்கவில்லை. ஓரத்தில் கொஞ்சம் பீளை இருந்தது. ஈரத்துணியால் துடைத்தால் போய்விட்டது.

இரண்டாம் தொடக்கம்: "அந்தத் திங்கட்கிழமைக் காலையில் வானம்..."

வானத்தை யார் பார்த்தது? குட்டிகளை வண்டியில் ஏற்றுகிற நாளில் நிமிரவே நேரம் கிடைக்காது.

சரி, இப்படி: திங்கட்கிழமைக் காலையில், பால்குடி மறக்கும் வயது வந்த குட்டிகளை வேறொரு பண்ணைக்கு ஏற்றிப் போனார்கள். தாய் ஆடுகள் நான்கு மிஞ்சின. நான்கும் கத்தின. கத்திக் கத்திச் செவ்வாய்க்கிழமைக்குள் தொண்டை கட்டி, துருப்பிடித்த கீல் மாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்தது. குட்டி போன செய்தி மடிக்குப் போய்ச் சேரவில்லை. அது தன்பாட்டுக்குச் சுரந்துகொண்டிருந்தது.

3.

(ஆடு வளர்ப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.)

குட்டி போன ஆட்டின் மடியைக் காலி செய்யக் கூடாது. காலி செய்தால், யாரோ குடிக்கிறார்கள் என்று நினைத்து மடி மறுபடி நிரப்பும். நிறையப் பால் தருகிற ஆட்டை அப்படியே விட்டாலும் ஆபத்து. பால் தேங்கி மடி கல்லாகிவிடும், காய்ச்சல் வரும். இறுக்கம் தளருகிற வரை நாலு பீச்சு பீச்சிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். தானியத்தை நிறுத்திவிட்டு வெறும் காய்ந்த புல். கொட்டகைக்காரரின் கைக்கு இது முப்பது வருஷமாகத் தெரியும்.

கண்தான் கெடுத்தது. அவர் எழுத்துக் கூட்டக் கற்றது நாற்பத்தாறு வயதில். அன்றிலிருந்து தீவன மூட்டை, மருந்துப் புட்டி, கழிப்பறைக் கதவு என்று எதையும் விட்டுவைத்ததில்லை. கொட்டகையில் படிக்கத் தெரிந்த ஒரே ஆள். அந்தத் திமிர்

(கொஞ்சம் கடுமையான சொல். "பெருமை" என்று மாற்றிப் பார்த்தேன். ஒட்டவில்லை. திமிரே இருக்கட்டும்.)

4.

கால்நடை டாக்டரம்மா கதவில் ஒட்டிவிட்டுப் போன சீட்டு: "முழுவதும் கறக்க வேண்டாம்."

அவர் சொல்ல நினைத்தது, எல்லாவற்றையும் கறந்து காலி பண்ணாதே என்று. கொட்டகைக்காரர் படித்தது, அறவே கறக்காதே என்று. "முழுவதையும்" என்று எழுதியிருந்தால் இந்தக் கதையே கிடையாது. நடுவில் ஓர் ஐகாரம் விடுபட்டுவிட்டது. வேறு யாராக இருந்தாலும் சந்தேகத்தைக் கேட்டிருப்பார்கள். புதிதாகப் படிக்கக் கற்றவனுக்குக் கேட்பதைவிடப் பெரிய கேவலம் இல்லை.

பால் குறைவான மூன்று ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான்காவது, மேனேஜர். (யார் உள்ளே வந்தாலும் வேலைக்குத் தாமதமாக வந்தவரைப் பார்ப்பது போல் பார்க்கும், அதனால் அந்தப் பெயர்.) மேனேஜருக்குப் பால் அதிகம்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், கூட வேலை செய்கிற மச்சினன், அதாவது அவர் மனைவியின் தம்பி, அதன் மடியில் கை வைத்துப் பார்த்தான்.

"மச்சான், செங்கல்லா இருக்கு. கொஞ்சம் தளர்த்தி விடட்டுமா?"

"வேணாம் மாப்ள. எழுதியிருக்கு."

"ஆட்டுக்குப் படிக்கத் தெரியாதே."

"அதான் நான் படிச்சு சொல்றேன்ல."

இந்த இடத்தில் கொட்டகைக்காரரை ஓர் அறை விடலாம் என்றிருக்கிறது. எழுதுகிறவனுக்கு அந்த உரிமை உண்டு. வலிக்கப்போவது எனக்கு என்பதால் விட்டுவிடுகிறேன்.

5.

வியாழக்கிழமைக் காலையில் மேனேஜர் புல்லைத் தொடவில்லை. இடது மடி சிவந்து கொதித்தது. கொட்டகைக்காரர் ஒரு பீச்சு விட்டுப் பார்த்தார்; பால் திரிதிரியாக வந்தது. மடியில் ஒரு பக்கம் செத்த ஆட்டை முதலாளி வைத்துக்கொள்ள மாட்டார். சனிக்கிழமை கறிக்கடை வண்டி வரும்.

டாக்டரம்மா வந்து, குனிந்து மடியை அமுக்கிப் பார்த்தபடியே கேட்டார்:

"எத்தனை நாளா கறக்கலண்ணே? ஒரு நாளுன்னா ஒரு மருந்து, மூணு நாளுன்னா வேற. சரியா சொல்லுங்க."

மச்சினன் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

முடிவு அ: "நேத்துலேருந்துதாம்மா" என்கிறார். மானம் தப்புகிறது, மடி போகிறது.

முடிவு ஆ: சீட்டைப் பிய்த்து நீட்டி, நீங்கள் எழுதியதைத்தானே செய்தேன் என்று பாய்கிறார். பாதி நியாயம் அவர் பக்கம்தான். இருவரும் இலக்கணம் பேசி முடிப்பதற்குள் மடி போகிறது.

முடிவு இ: மேனேஜர் தலையைத் தூக்கி, மனிதக் குரலில்,

போதும்.

6.

நடந்ததையே எழுதிவிடுகிறேன்.

"மூணு நாளாச்சும்மா," என்றார் கொட்டகைக்காரர். "கறக்கவே கூடாதுன்னு படிச்சிட்டேன். கை சொல்லுச்சு, நான் கேக்கல."

டாக்டரம்மா எழுந்து போய்ச் சீட்டைப் படித்தார். இன்னொரு தரம் படித்தார். "நானா இருந்தாலும் அப்படித்தான் படிச்சிருப்பேன்" என்று சொல்லியிருந்தால் கதைக்கு நன்றாக இருந்திருக்கும். சொல்லவில்லை. ஆட்டைப் பிடிக்கச் சொல்லிவிட்டு ஊசியை எடுத்தார். இனிமேல் வேளாவேளைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, கெட்ட பாலை இடது பக்கத்திலிருந்து சொட்டு விடாமல் கறந்து கொட்ட வேண்டும் என்றார். ஆக, கடைசியில் முழுவதையும் கறக்க வேண்டியதாகிவிட்டது.

மச்சினன் அன்று பூராவும் சுவரிலும் மூட்டையிலும் கண்டதையெல்லாம் காட்டி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பணிவாகக் கேட்டுக்கொண்டே இருந்தான். கொட்டகைக்காரர் ஒத்தடத் துணியைப் பிழிந்துகொண்டே ஒவ்வொன்றையும் படித்துச் சொன்னார். வேறு வழி?

7.

சனிக்கிழமைக் காலை. கறிக்கடை வண்டி வந்துவிட்டது.

இனி என்னை நம்பாதீர்கள். நீங்களே உள்ளே வாருங்கள். சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள். சில்லென்ற கையால் தொடக் கூடாது, உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். ஆட்டின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, இடது மடியின் அடியில் மெதுவாகக் கை வையுங்கள்.

மேனேஜர் உங்களை உதைக்கும்.

வலி தாங்காமல் உதைத்ததா, தெம்பு வந்து உதைத்ததா என்று என்னிடம் கேட்காதீர்கள். உதை வாங்கியது நீங்கள். முதலாளி வாசலில் நின்று கேட்கிறார், ஏற்றலாமா, வேண்டாமா என்று. முழங்கையைத் தேய்த்தது போதும், எழுந்து போய்ப் பதில் சொல்லுங்கள்.