மூன்று வேளை எடை

அண்ணனுக்கு மருந்து இரண்டு வேளை. தங்கைக்கு எடை மூன்று வேளை.

காலையில் எழுந்ததும் ஒன்று, வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றியதும் ஒன்று, படுக்கப் போகுமுன் ஒன்று. எடை மெஷினை வாங்கி வந்தது அண்ணி. அதைக் கூடத்தில், எல்லாரும் பார்க்கிற இடமாகப் பார்த்துப் போட்டதும் அண்ணிதான். குனிந்து எண்ணைப் படித்து, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த கட்டம் போட்ட தாளில் எழுதி, அதைப் படமெடுத்துச் சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவிலும் போட்டுவிடுவாள். வெளியூரில் இருக்கும் பெரிய மாமா, சொந்தத் தொப்பையைச் சுமக்க மாட்டாமல் மாடிப்படியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து ஏறுகிறவர், "இன்னும் கொஞ்சம் மனசு வைக்கணும்மா" என்று குரல் பதிவு அனுப்புவார்.

அண்ணனின் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு ஒன்றரை வருடம். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். யார் கொடுப்பது என்று பேச்சு வந்த அன்று, கூடத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் சின்ன வயதில் வந்துபோன மஞ்சள்காமாலையும் வரிசையாக ஞாபகம் வந்தன. அண்ணிக்கு ரத்தம் சேரவில்லை. அம்மாவுக்கு வயதாகிவிட்டது. "நான் தரேன்" என்றாள் தங்கை. அவளை யாரும் கேட்கவில்லை, அவளாகத்தான் சொன்னாள். எல்லாம் பொருந்தியது, எடையைத் தவிர. எண்பத்தொன்று எழுபத்துநான்காக இறங்கினால்தான் அறுவைச்சிகிச்சைக்குத் தேதி என்றது ஆஸ்பத்திரி. அன்றோடு அவள் உடம்பு பொதுச்சொத்தாகிவிட்டது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் மெஷின் எழுபத்தாறு புள்ளி ஒன்பது காட்டியது. முந்தின நாள் சாயங்காலம் எழுபத்தாறு, ராத்திரி எடை மட்டும் விட்டுப்போயிருந்தது.

"தொள்ளாயிரம் கிராம்," என்றாள் அண்ணி. பேனா தாளில் இறங்கவில்லை. "ராத்திரி என்ன சாப்பிட்ட?"

"நீங்க வேகவச்ச காய்தான் அண்ணி."

"அதுக்கப்புறம்?"

"தண்ணி குடிச்சேன்."

"தண்ணியில ஒரு கிலோ ஏறுமா? எனக்கே காது குத்தறியா?"

அம்மா எழுந்து போய்க் குப்பைக்கூடையைக் கிளறினாள். பிஸ்கட் உறை தேடுகிறாள் என்று தங்கைக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. பெற்றவள், முப்பத்தெட்டு வயது மகளின் திருட்டுத்தனத்துக்குக் குப்பையில் சாட்சி தேடுகிறாள். "சாப்பிட்டியா" என்பது பிரியத்தில் கேட்கிற கேள்வி என்றுதான் அவள் இத்தனை காலம் நினைத்திருந்தாள். இந்த வீட்டில் அது விசாரணையாகிவிட்டது.

அண்ணன் மட்டும் எதுவும் கேட்க மாட்டான். ஆனால் ஃபிரிட்ஜைக் கடக்கும்போது அவன் நடை தளரும். கண் ஒருமுறை தாளுக்குப் போய்த் திரும்பும். அண்ணியின் வாயைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை.

சலவை நிலையத்தில், நீராவி இஸ்திரி மேசையில் அவளுக்கு வேலை. எட்டு மணி நேரம் ஆவியில் நின்றால் மேல்சட்டையைப் பிழியலாம். சாயங்கால எடை ஏன் குறைகிறது, தண்ணீர் குடித்த மறுநாள் ஏன் ஏறுகிறது என்பது அவளுக்கு வேலையிலேயே தெரியும். அங்கே துணிக்குக் கிலோ கணக்கில்தான் கூலி. யாராவது நனைந்த துண்டோடு வந்தால், கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அக்கா, "காயவச்சுக் கொண்டு வாங்க, தண்ணியத் துவைக்கறதுக்கு நாங்க காசு வாங்கறதில்ல" என்று திருப்பி அனுப்பிவிடுவாள். துணிக்குக் கிடைக்கிற நியாயம் தனக்குக் கிடைக்கவில்லையே என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அந்த ஆத்திரத்தில் ஒரு முட்டாள்தனம் செய்தாள். தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். வாயை மட்டும் கொப்பளித்துத் துப்பினாள்.

"என்னடி, உதடு பழைய ரொட்டியாட்டம் வெடிச்சுக் கிடக்கு?" என்றாள் கல்லா அக்கா.

"எடையக் குறைக்கறேன்க்கா."

"எடையவா, உன்னையவா?"

பத்து நாள். தாளில் எண்கள் சொன்னபடி கேட்டு இறங்கின. எழுபத்துநான்கு புள்ளி ஆறு வந்த அன்று மாமா கைதட்டுகிற பொம்மை அனுப்பினார். "பாத்தியா, கண்டிப்பா இருந்தா நடக்குது," என்றாள் அண்ணி. தங்கைக்கு நின்றால் கண் இருட்டியது. அதை எழுதத் தாளில் கட்டம் இல்லை.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தபோது, ஆஸ்பத்திரி நர்ஸ் அண்ணியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"ரத்தத்துல கிரியாட்டினின் ஏறியிருக்கு, கிட்னி திணறுதுன்னு அர்த்தம். தண்ணி குடிக்கறதே இல்லையா நீங்க? குடுக்க வந்த கிட்னியையே கெடுத்துக்கப் பாக்கறீங்க. ஒரு நாளைக்கு எத்தனை தடவை எடை பாக்கறீங்க?"

"நான் பாக்கறதில்ல. அவங்க பாக்கறாங்க. மூணு வேளை."

நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தாள். "ஒரே நாள்ல ஒண்ணு ரெண்டு கிலோ ஏறும், இறங்கும். அது தண்ணி, உப்பு, சாப்பாடு. கொழுப்பு ராத்திரியோட ராத்திரியா வராது. வாரத்துக்கு ஒரு தடவை போதும். ஒரே கிழமை, காலையில, பாத்ரூம் போயிட்டு வந்து, வெறும் வயித்துல. தினம் பாத்தும் மனசு கெடாதவங்க தினம் பாத்துக்கட்டும். உங்களுக்கு அது வேணாம்." குரலைத் தாழ்த்தினாள். "இன்னொண்ணு. உங்களுக்குக் குடுக்க இஷ்டமில்லன்னா இப்பவே சொல்லலாம். உங்க உடம்பு இதுக்கு ஒத்துவரலன்னு மட்டும் நாங்க சொல்லிடுவோம். காரணம் யாருக்கும் தெரியாது."

கதவுக்கு அந்தப் பக்கம் அண்ணியின் வளையல் சத்தம் கேட்டது.

ஒரு வார்த்தை போதும். மெஷினும் தாளும் மாமாவும் ஒரே வார்த்தையில் ஒழிந்துபோவார்கள். பழியும் வராது. அந்த நினைப்பு நாக்கில் இனித்தது. எவ்வளவு இனித்தது என்பதைப் பார்த்து அவளே பயந்துபோனாள். "நான் தரேன்" என்று சொன்னது அண்ணிக்காக இல்லை, அம்மாவுக்காகவும் இல்லை. அந்த வீட்டில் யாரும் கேட்காமல், யாருக்கும் பயப்படாமல் அவள் சொன்ன ஒரே சொல் அது. இவர்கள்மேல் உள்ள கோபத்தில் அதைத் திரும்ப எடுத்தால், அதையும் இவர்கள் பறித்துக்கொண்டதாகத்தான் ஆகும்.

"குடுக்கறேன்," என்றாள். "வீட்டுல நானே பேசிக்கறேன்."

மறு பரிசோதனை இரண்டு வாரம் கழித்து என்று கேட்ட அண்ணி, வீடு வந்து சேர்ந்ததும் கூடத்தில் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். "ரெண்டு வாரமா? எல்லாம் உன் அலட்சியம்."

தங்கை ஃபிரிட்ஜ் கதவிலிருந்து தாளை உரித்தாள். பசை இழுத்ததில் ஒரு மூலை கிழிந்தது.

"இனிமே வெள்ளிக்கிழமை காலையில ஒரு தடவை. நான் மட்டும் பாப்பேன். நர்ஸுக்கு மட்டும் சொல்வேன்."

"எங்களுக்குத் தெரிய வேணாமா? போறது எங்க வீட்டு உயிரு."

"வர்றது என் உடம்புக் கிட்னி, அண்ணி."

அண்ணன் நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்தான். ஊசி குத்திக் குத்திப் புடைத்த கையால் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"உனக்கு இவ்வளவு கஷ்டம்னா வேணாம்மா," என்றான். "விட்டுடு."

"பெருந்தன்மையெல்லாம் வேணாம்ணா. மூணு வேளையும் நீயும்தான் பாத்துக்கிட்டிருந்த. ஒரு வார்த்தை தடுத்தியா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் கையிலிருந்த தாளை நான்காக மடித்தாள்.

"கிட்னி தரேன்," என்றாள் கடைசியில். "அது அன்னைக்கே சொன்னது, மாறல. ஆனா இந்த மூணு மாசத்த மன்னிச்சுட்டேன்னு நான் எங்கயும் சொல்லல."

"சரி," என்றான் அண்ணன், நிமிராமலே.