ஆடியில் போட்ட கையெழுத்து

உலகத்தில் நல்ல நேரம், கெட்ட நேரம் என்றெல்லாம் ஒன்றும் கிடையாது. இருப்பது ஆபீஸ் நேரம் ஒன்றுதான். மனிதகுலம் இதை உணர்கிற அன்றைக்குக் கோர்ட்டில் பாதி வழக்கு குறையும்.

சட்டக் கல்லூரி மூன்றாம் ஆண்டு மாணவனான பிரசாத் இந்த உண்மையை, விடுமுறைக்கு வேலை பழகிக்கொண்டிருந்த வக்கீல் நசீம் பானுவின் அலுவலகத்தில், கையில் பாதி சமோசாவோடு அறிவித்தான். மனிதகுலத்தின் சார்பில் அங்கே அவன் அக்கா அருணாதேவி மட்டும் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய வழக்கைத் தீர்ப்பாயம் தள்ளுபடி செய்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அருணாதேவிக்கு அடி அண்ணாமலையில் ஒரு சலவைக் கூடம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தால் டவுன் லாட்ஜுகளில் அழுக்காகும் படுக்கை விரிப்புகள்தான் அவள் பிழைப்பு. போன வருஷம் லாட்ஜ் முதலாளி அப்பாதுரை, "மூணு வருஷத்துக்கு எங்க துணி மொத்தமும் உனக்குத்தாம்மா" என்றார். ஒப்பந்தம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். ஆனால் அது ஆடி மாதம். ஆடியில் எவராவது புதுத் தொழிலுக்குக் கையெழுத்துப் போடுவார்களா? "ஆவணி ஒண்ணுன்னு தேதி போட்டுக்கலாம்மா" என்றார் அப்பாதுரை. அருணாதேவிக்கும் அதுதான் சரி என்று பட்டது.

அழுக்குக்கு ஆடி ஆவணி தெரியாது. மறுநாளே மூட்டைகள் வந்து இறங்கின. அவளும் கடன் வாங்கிப் பெரிய மெஷினை இறக்கினாள். ஆடி முடிவதற்குள் வேறொருவன் கம்மி ரேட்டுக்கு வந்து நிற்க, அப்பாதுரை மூட்டைகளை அந்தப் பக்கம் திருப்பிவிட்டார்.

தீர்ப்பாயம் சொன்னது இதுதான்: ஒப்பந்தம் ஆவணி ஒன்றாம் தேதி பிறக்கிறது, ஆடியிலேயே அதை முறித்துவிட்டார்கள் என்கிறீர்கள், பிறக்காத பிள்ளைக்கு இறப்புச் சான்றிதழ் கேட்டால் எப்படி?

"மூட்டை வந்ததுக்கு லாட்ஜ் சீல் போட்ட சீட்டு இருக்கு. அத அவங்க கண்ணெடுத்தே பாக்கல" என்றார் நசீம் பானு. "ஆடியில எழுதி ஆவணின்னு தேதி போடறது இந்த ஊர்ல ஏமாத்து இல்ல, பழக்கம். மேல்முறையீட்டுல அதத்தான் நாம சொல்லணும்."

"ஜெயிக்குமா மேடம்?"

"பொய் சொல்ல மாட்டேம்மா, கஷ்டந்தான். ஆனா போடாம விட்டா மெஷின் போயிடும்."

அது உண்மைதான். மேல்முறையீடு போட்ட நம்பரைக் கெடுவுக்குள் காட்டினால் மெஷினைத் தூக்குவதைத் தள்ளிவைப்பதாக வங்கியில் சொல்லியிருந்தார்கள்.

"பழக்கத்தப் பத்தின பாராவ நீ எழுதுப்பா" என்றார் நசீம் பானு.

பிரசாத் எழுதினான். 'இப்பகுதி மக்கள் ஆடி மாதத்தில் புதிய தொழில் எதையும் தொடங்குவதில்லை.' எழுதிவிட்டுச் சத்தமாகப் படித்தான். "மேடம், ஆடி மாசத்தையே ரெண்டாம் எதிர்வாதியா சேத்துடலாமா?"

"மொதல்ல ஸ்பெல்லிங்க பாரு" என்றார் அவர்.

வீட்டுக்குப் போகும்போது பைக்கில் அவன்தான் பேச்செடுத்தான். "ஏங்க்கா, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்த காட்டியிருக்கக் கூடாதா?"

பின்னால் உட்கார்ந்திருந்த அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"காட்டியிருந்தா சிரிச்சிருப்படா. காலேஜ்ல போயி கதையா சொல்லியிருப்ப. அதான் காட்டல."

அவன் சொல்லக்கூடியவன்தான். காலண்டரைப் பார்த்து மிக்ஸி வாங்கின அக்காவைப் பற்றிக் கல்லூரி மேடையில் ஏற்கெனவே ஒரு முறை பேசிக் கைதட்டல் வாங்கியிருந்தான்.

சலவைக் கூடத்தில் மெஷின்மேல் பழைய விரிப்பு ஒன்று போர்த்தியிருந்தது. வேலை செய்யும் கஸ்தூரி, "அக்கா, அடுத்த வாரம் வரட்டுமா, வேற எடம் பாக்கட்டுமா?" என்று கேட்டாள். அருணாதேவி விரிப்பின் நுனியை இழுத்துச் சரி செய்தாள். அதைப் பற்றிப் பிரசாத்துக்கு ஒரு நகைச்சுவையும் தோன்றவில்லை.

கெடுவின் கடைசி நாள் வெள்ளிக்கிழமையில் வந்தது. நசீம் பானுவுக்கு வேறொரு வழக்கில் குறுக்கு விசாரணை. மேல்முறையீட்டுக் காகிதக் கட்டைப் பிரசாத்திடம் கொடுத்து, "போயி நம்பர் வாங்கிட்டு வா" என்றார். அக்காவும் கூட வந்தாள். ரோட்டு நெரிசலில் கோர்ட்டுக்கு வந்து சேரப் பதினொன்று ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை பதினொன்று என்றால் ராகுகாலத்தின் நட்டநடு. வரிசையில் அவனுக்கு முன்னால் ஒரே ஒருவர்தான் இருந்தார்.

"பாத்தியாக்கா நேரத்த?" என்றான் அவன், பழைய குரலில்.

"நேரம் பாத்துப் பட்டதெல்லாம் போதும். குடுத்துட்டு வா" என்றாள் அருணாதேவி.

முன்னால் இருந்தவர் நகர்ந்தார். ஜன்னலுக்குள்ளிருந்து கை நீண்டது. பிரசாத் கட்டைத் தூக்கினான். போர்த்திய மெஷின் ஞாபகத்துக்கு வந்தது. தூக்கிய கட்டை அப்படியே மார்போடு வைத்துக்கொண்டான்.

"அண்ணே, நீங்க முன்னாடி போங்க" என்றான் பின்னால் நின்றவரிடம்.

அவருக்குப் பிறகு ஒரு அம்மா. அப்புறம், அவசரமே இல்லை என்று சொன்ன ஒருவரைக்கூட வற்புறுத்தி அனுப்பினான்.

"இன்னாப்பா, குடுக்கப் போறியா, வேடிக்க பாக்க வந்தியா?" என்றார் கிளார்க்.

"பக்க நம்பர் சரி பாத்துக்கறேன் சார்."

காலையிலேயே இரண்டு முறை சரிபார்த்த நம்பர்கள். அருணாதேவி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். அடுத்தவருக்கு வழிவிட்டுச் சுவரோரமாக நகர்ந்து நின்றாள்.

கடிகாரத்தில் பன்னிரண்டு தாண்டியது. பிரசாத் ஜன்னலுக்குப் போனான். கோர்ட்டுக் கடிகாரம் கொஞ்சம் வேகமாக ஓடக்கூடியது என்று தோன்றவே, இன்னும் ஒருவரை முன்னால் விட்டான்.