பெட்டி பிரிக்காத பழைய போன்

தாம்பரம் சண்முகம் ரோட்டுக் கடையில் ஜெயவேலு எடுத்து வைத்த பெட்டியைப் பார்த்ததும் அச்சுதனுக்கு முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

"மன்னி, அண்ணா வெச்சிருந்த அதே மாடல்! அதே கறுப்பு. பெட்டிகூடப் பிரிக்கலை. கண்ணை மூடிண்டு வாங்கிடலாம்."

அபிதகுஜாம்பாளுக்கும் ஒரு கணம் கை நீண்டது. போன ஆவணியில் கணவர் சுப்ரமணியன் காலமானபின் அவருடைய போனைத்தான் அவள் வைத்திருந்தாள். பேங்க் வேலைக்கு நேரில் போய் வந்தாலும் பேச்சுக்கும் வாட்ஸ்அப்புக்கும் அதுதான். எது எந்த மூலையில் என்று விரலுக்கே தெரியும். சென்ற வாரம் அதன் திரை கறுத்து, இரண்டு நாள் பேச்சுமூச்சில்லை. புனேயிலிருந்து மகள் ஸ்நேகா பதறிப்போய்ச் சித்தப்பா அச்சுதனை முடிச்சூர் வீட்டுக்கு விரட்டினாள். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வீட்டைப் பூட்டிண்டு இங்க வந்துடணும்மா" என்று சொல்லியும் விட்டாள்.

ஸ்நேகா சொன்னால் செய்வாள். அபிதகுஜாம்பாளுக்கோ தன் வீட்டை விட்டு அசைகிற எண்ணமே இல்லை. அதனால் இன்று எதை வாங்குகிறோம் என்பது சின்ன விஷயம் அல்ல.

"இது எப்போ வந்த மாடல்?" என்று கேட்டாள்.

"புதுசு மேடம். சீலே உடைக்கல. இன்னிக்கு பில் போட்டா இன்னிலேர்ந்து வாரண்டி."

"அதைக் கேக்கலைப்பா. கம்பெனி முதல்ல எப்போ விட்டுது?"

ஜெயவேலு தலையைச் சொறிந்தான். "அது ஆச்சு, நாலு வருஷம். ஆனா போனு சூப்பரா கீது மேடம். கேமரா பாருங்க..."

"அண்ணா இருந்தா இதைத்தான் வாங்குவார்" என்றான் அச்சுதன்.

"வாங்குவார். போன தடவையும் அப்படித்தான் வாங்கினார்."

மிக்ஸியானாலும் இன்வெர்ட்டர் பேட்டரியானாலும், வாரண்டி அட்டையில் கடை முத்திரை விழுந்த நாளிலிருந்துதான் சுப்ரமணியன் அதன் ஆயுசைக் கணக்கிடுவார். போனுக்கும் அதே கணக்கைப் போட்டார். கடையில் தேங்கிக் கிடந்த மாடலைத் தள்ளுபடியில் வாங்கி, பில்லைப் பத்திரப்படுத்தி, இன்னும் காலம் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தார். மாடல் முதலில் வெளிவந்த நாளிலிருந்து எண்ணிக் கம்பெனி தருகிற அப்டேட் நின்றுபோனது யாருக்கும் தெரியவில்லை. போன் பேசிக்கொண்டும் பாடிக்கொண்டும்தான் இருந்தது. போன ஆவணியில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், கவுன்ட்டரில் முன்பணம் கட்ட அவள் நின்றபோது, பேங்க் ஆப் இந்த போனில் இனி இயங்காது என்று கையை விரித்துவிட்டது. அவள் ஏ.டி.எம். தேடி ஓடினாள். முதல் இயந்திரத்தில் பணமில்லை. திரும்புவதற்குள் அவரை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். "உங்களைத்தாம்மா கேட்டுக்கினே இருந்தாரு" என்றாள் நர்ஸ். அப்புறம் அவர் பேசவில்லை.

அதையெல்லாம் அவள் கடையில் சொல்லவில்லை.

"அச்சு, பெட்டிக்குள்ள தூங்கினாலும் அதுக்கு வயசு ஏறிண்டேதான் இருக்கும். உன் போன்ல கம்பெனி பக்கத்தைத் திற."

திறந்தான். அந்த மாடலுக்கு அப்டேட் எப்போதோ முடிந்துவிட்டது. அச்சுதனின் பற்கள் உள்ளே போயின.

"அப்ப புது மாடலே காட்றேன்" என்று ஜெயவேலு விலை கூடிய வரிசைப் பக்கம் நகர்ந்தான்.

"இருப்பா. டிஸ்ப்ளேல வெச்சிருக்கியே, அது?"

"அது போன வருஷத்து மாடலு மேடம். வர்றவன் போறவன்லாம் நோண்டிக்கினு இருந்த பீஸு. ஓரத்துல கீறல் வேற."

அச்சுதனின் போனை வாங்கி அவளே தேடினாள். இன்னும் ஐந்து வருஷத்துக்கு அப்டேட் உண்டு என்று போட்டிருந்தது.

"மன்னி, ஊரே தொட்ட போன். கீறல் வேற..."

"பொண்ணா பார்க்க வந்திருக்கோம்?"

ஜெயவேலு சிரித்துவிட்டான். "சார், மேடம் கையில நம்ம ஜம்பம் செல்லாது."

பேட்டரியைச் சோதிக்கச் சொல்லி, பில்லும் வாரண்டியும் உண்டென்று உறுதி செய்துகொண்டு, அங்கேயே சிம்மைப் போடச் சொன்னாள். போட்ட கையோடு ஸ்நேகா அழைத்தாள்; எதை வாங்கினாள் என்று கேட்டதும் குரலை உயர்த்தினாள்.

"டிஸ்ப்ளே பீஸா? பழசாம்மா? சித்தப்பா என்ன பண்ணிண்டிருந்தார்?"

"பராக்குப் பார்த்துண்டிருந்தார். நான்தான் பார்த்து எடுத்தேன். பழசுதான், ஆனா மிச்ச ஆயுசு நிறைய இருக்கு."

"எவ்வளவு நாள் வரும்?"

"அஞ்சு வருஷம்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் முடிச்சூர்லேர்ந்து பஸ் ஏறி இதே கடைக்கு வருவேன்."