ஐந்து வருடத்துக்கான பிரிண்டர்

அக்காவின் கைப்பேசியில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. தம்பி பிரிண்டரின் பின்கதவைத் திறந்து, உள்ளே சுருண்டு கிடந்த தாளைக் கிழியாமல் இழுத்துக்கொண்டிருந்தான்.

“என்னக்கா, ஓட்டப்பந்தயமா வச்சிருக்க? முதல் பரிசு என்ன?”

“வாயை மூடிட்டு வேலையைப் பாரு. நாலு நிமிஷம் ஆச்சு.”

அந்தக் காப்பீட்டு அலுவலகத்தில் கொள்முதல் பிரிவு அவளுடையது. அச்சறை தம்பியுடையது, ஆறு வருடத்துக்கு முன் அவள்தான் சொல்லிச் சேர்த்துவிட்டாள். இப்போது புது பிரிண்டர் வாங்க வேண்டும். மூன்று விலைப்பட்டியல்களை வாங்கி, எது மலிவோ அதில் கையெழுத்துப் போட்டால் அவள் வேலை முடிந்தது. ஆனால் அவளுக்கு அப்படிப் போட மனம் வராது. பிரிண்டரின் விலை அதைக் கொண்டுவந்து இறக்கும் வண்டிக்கூலி மாதிரிதான். அப்புறம் ஐந்து வருடம் அது தின்கிற மைத்தூளும் உதிரி பாகங்களும் மின்சாரமும்தான் செலவு. மலிவான இயந்திரத்தின் சின்ன மை டப்பா ஆயிரம் பக்கத்தில் காலியாகும். விலை கூடியதன் டப்பா பத்தாயிரம் தாண்டும். பக்கத்துக்கு என்ன ஆகிறது என்று வகுத்துப் பார்த்தால் மலிவின் சாயம் வெளுத்துவிடும்.

அதோடு அவள் நிற்கவில்லை. தாளை இழுக்கும் ரப்பர் உருளை தேய்ந்துபோனால், பழைய செருப்பு ஈரத்தரையில் வழுக்குவதுபோல் தாளின் மேல் வழுக்கும். ஒன்றுக்கு இரண்டாக இழுக்கும், இல்லையென்றால் பாதி வழியில் கைவிடும். மைத்தூளை உருக்கித் தாளில் ஒட்டும் சூட்டு உருளைக்கு முன்னால் தாள் மடிந்து சிக்கிக்கொள்ளும். அதை எடுக்க ஓர் ஆள் வேண்டும். தம்பியின் விரல்நுனிகளில் சூடு பட்ட தழும்புகள் இருந்தன. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து ஓடுவான். அதனால் சிக்கிய தாளை எடுக்க அவனுக்கு ஆகும் நேரத்தை இரண்டு வாரம் நின்று அளந்து, கணக்கின் கடைசியில் ஒரு வரி சேர்த்தாள்: ஆள் நேரம், நாளொன்றுக்கு மூன்று மணி நேரம். அதைப் பார்த்தாவது நல்ல இயந்திரம் வாங்குவார்கள், தம்பி நிம்மதியாகச் சாப்பிடுவான்.

மேலாளர் கணக்கை இரண்டு முறை படித்தார். மூன்றாம் முறை அந்தக் கடைசி வரியின் கீழ் கோடு போட்டார்.

“இத்தனை வருஷம் இது யார் கண்ணுலயும் படலையேம்மா! பெரிய மிஷினே வாங்கிடலாம். ரிப்பேர்னா அவங்க ஆளே வந்து பாப்பான். மிச்ச வேலைய முன்னாடி வரவேற்புல இருக்கிறவங்க பாத்துக்கட்டும். தனியா ஒரு ஆளு எதுக்கு?”

“சார், அவன் பைண்டிங் பண்றான்... தபால் பிரிக்கிறான்...”

“அதெல்லாம் எவ்வளவு நேரம்?”

அவள் அதை அளக்கவில்லை.

“அந்தத் தாளைக் குடுங்க சார், திருத்திக் கொண்டுவரேன்.”

“ஏன், எண் தப்பா?”

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். தான் போட்ட கணக்கைத் தப்பு என்று இதுவரை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

“எண் சரிதான் சார்,” என்றாள். சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது.

அச்சறையில் தம்பி மேசைகளை ஓரம் தள்ளி, தரையைத் துடைத்து, முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தான். கையில் சாக்பீஸ்.

“பெருசுதான் வாங்கப்போறாங்களாமே? தபால்காரர் வரைக்கும் தெரிஞ்சுபோச்சு. என் அக்கான்னா சும்மாவா! இந்தா, டேப்போட நுனியைப் பிடி.”

“தம்பி, ஒண்ணு சொல்லணும்...”

“அசையாம பிடிக்கா, கோடு கோணலாப் போகுது.”

அவள் குனிந்து பிடித்தாள். அவன் இயந்திரத்துக்கு ஒரு நீண்ட கட்டம் வரைந்தான். பின்கதவு திறக்க இடம் விட்டான். பிறகு சற்றே தள்ளி, ஜன்னல் பக்கமாக, இன்னொரு சின்னக் கட்டம் போட்டு, “இது நான் உக்காந்து சாப்பிட,” என்று அதற்குள் சம்மணமிட்டு உட்கார்ந்து, முழங்கால் கோட்டைத் தாண்டுகிறதா என்று குனிந்து பார்த்தான்.