முப்பத்திரண்டு இஞ்ச் குழல்

என் வீட்டுக்காரர் கைலாசநாதன் எறும்பைக்கூடக் கொல்ல மாட்டார். சர்க்கரை டப்பாவில் எறும்பு ஏறினால், டப்பாவை முற்றத்து வெயிலில் திறந்து வைத்து, அவை தாமாக இறங்கிப் போகும்வரை பக்கத்தில் காவல் இருப்பார். அதுவரைக்கும் எனக்குக் காப்பி கிடையாது. அப்படிப்பட்ட மனிதருக்கு இந்த உலகத்தில் உயிர் எதன்மேல் என்றால், துப்பாக்கியின்மேல்.

மாமனார் காலத்து லைசென்ஸில் ஓர் இரட்டைக் குழல் துப்பாக்கி வீட்டில் இருக்கிறது. இராஜாக்கமங்கலம் சாலையை ஒட்டிய எங்கள் வயலில் மயில் இறங்கினால், அதை எடுத்துக்கொண்டு போய் வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடிப்பார். மயில்கள் பக்கத்து வயலுக்குப் போய்ச் சத்தம் அடங்கியதும் திரும்பி வந்துவிடும். மற்ற நாளெல்லாம் அதற்கு எண்ணெய் போட்டுத் துடைப்பதும், யூடியூபில் வெள்ளைக்காரர்கள் வாத்து சுடுவதைப் பார்ப்பதும்தான் வேலை. வாத்து விழுகிற இடம் வந்தால் மட்டும் கண்ணை மூடிக்கொள்வார். சைவம் அல்லவா!

எங்கள் ஒரே மகள் சிவப்ரியா இரண்டு வருடத்துக்கு முன்னால் தக்கலைப் பையன் டெனிஷைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். பையனிடம் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. இவருக்கு இரண்டு குறை தெரிந்தது. சர்ச்சுக்குப் போகிறான், கறி தின்கிறான். "அவன் என் வாசப்படி மிதிக்கப்பிடாது" என்று ஒரே போடாகப் போட்டார். "அவரு வராத வீட்டுக்கு நானும் வரல்லே" என்று அவள் சொல்லிவிட்டாள். அப்பனும் மகளும் ஒரே அச்சு. பிறகு இரண்டு பேரும் நியூசிலாந்து போனார்கள். டெனிஷுக்கு மாட்டுப் பண்ணையில் வேலை, அவளுக்கு ஆஸ்பத்திரியில். நடுவில் கிடந்து தவித்தது நான்தான். எனக்கு என் பிள்ளையை நேரில் பார்க்க வேண்டும். வேறு எந்த ஆசையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் வீடியோவில் கூப்பிடுவாள். இவர் நாற்காலியில் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு, காதை மட்டும் எங்கள் பக்கம் அனுப்பி வைப்பார். டெனிஷின் குரல் கேட்டால் எழுந்து போய்விடுவார். அந்த முகத்தை ஒருநாள்கூடப் பார்த்ததில்லை.

போன ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிவப்ரியா சொன்னாள்: "அம்மா, அடுத்த மாசம் இங்க வாத்து வேட்டை தொடங்குது. பண்ணையில எல்லாரும் போவாவ. இவரும் லைசென்ஸ் எடுத்தாச்சு. முப்பத்திரண்டு இஞ்ச் குழல் உள்ள துப்பாக்கி வாங்கப் போறாராம். குழல் நீளம் கூடுனா, எட்டத்தில போற வாத்துக்கும் குண்டு எட்டும்லா?"

பேப்பர் கீழே இறங்கியது.

"எவன் சொன்னான் அப்பிடி?"

இரண்டு வருடத்தில் மருமகன் காரியத்தில் அவர் வாய் திறந்தது அப்போதுதான். விடுவேனா நான்? "ஏன், சரிதானே? தோட்டத்துக்குத் தண்ணி விடுத ஹோஸ் நீளமா இருந்தா கடைசி வாழைக்கும் எட்டும்லா?" என்றேன். தப்பு என்று எனக்கு நன்றாகவே தெரியும். கல்யாணமான நாளிலிருந்து இந்தப் பாடத்தைக் கேட்டுக்கொண்டு இருக்கிறேன்.

"ஹோஸா! எளவு, ஹோஸும் துப்பாக்கியும் ஒண்ணா?" எழுந்து வந்து என் கையிலிருந்த போனைப் பிடுங்கிக்கொண்டார். "ஏட்டி, குழல் நீண்டதுனால குண்டு அப்பிடி ஒண்ணும் கூடப் பறந்திராது. பறக்குத வாத்தோட சேத்துக் குழலை வீசும்போது நிதானமா ஓடும், நடுவில நிக்காது, அவ்வளவுதான். குட்டைக் குழல் சட்டுன்னு திரும்பும், ஆனா பதறும். வாத்துக்கு இருபத்தெட்டோ முப்பதோ போதும். அதுவும் ஆளைப் பாத்துல்லா முடிவு பண்ணணும்! உயரம் எவ்வளவு? கை நீளம் எவ்வளவு?"

"யாருக்குப்பா?" என்றாள், ஒன்றும் தெரியாதவள்போல.

"அவனுக்குத்தான்."

"நான் என்ன ஸ்கேல் வச்சு அளந்தா கட்டினேன்? நீங்களே பாத்துக்கிடுங்க." தன் போனை மேசையில் சாத்தி வைத்துவிட்டுப் புருஷனைக் கூப்பிட்டாள்.

விலகிப் போகலாம் என்றால் எங்கள் போன் இவர் கையில் அல்லவா இருக்கிறது! டெனிஷ் குளித்த ஈரத் தலையோடு வந்து, "மாமா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நின்றார்.

இவர் மகளைப் பார்த்துச் சொன்னார்: "தரை துடைக்குத கம்பு இருந்தா எடுக்கச் சொல்லு. பின்னால தள்ளி நிக்கச் சொல்லு. மேல இருக்குத பல்புதான் வாத்து. கம்பைத் தோளில வச்சு, பல்புலேருந்து அலமாரி வரைக்கும் வீசச் சொல்லு."

மருமகன் கண்ணெதிரே நிற்கிறார். இவர் சொல்லு, சொல்லு என்று மகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

டெனிஷ் வீசினார். இவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனை மூக்கருகில் கொண்டுபோனார். "மறுபடியும் வீசச் சொல்லு." வீசினார். "கம்பு முகத்துக்கு வரணும், முகம் கம்புக்குப் போகப்பிடாதுன்னு சொல்லு." மூன்றாம் தடவையும் டெனிஷின் தலைதான் குனிந்து கம்புக்குப் போனது.

இவர் முகம் மாறிவிட்டது. "கம்பைக் கீழ வைலே" என்றார், நேராக டெனிஷிடமே. "வலது கையை மட்டும் தூக்கு."

கை நெஞ்சு உயரத்துக்கு வந்து நின்றது. டெனிஷ் சிரிக்கப் பார்த்தார்.

"அவ்வளவுதானா வரும்?"

"ஒண்ணுமில்ல மாமா. வேலைக்கு எல்லாம் போறேன்."

"சிவப்ரியா, என்னட்டி இது?"

வாயாடி மகள் புருஷனை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஜனவரியில ஒரு மாடு இவரைக் கம்பியோட சேத்து அமுக்கிட்டுப்பா. ஊசி போட்டாவ, பயிற்சி சொல்லிக் குடுத்தாவ, சரியாகல்லே. அம்மா பயப்படுவான்னு சொல்லல்லே. வேட்டைக்குப் போகல்லேன்னா பண்ணையில கையைப் பத்திக் கேப்பாவளாம், வேலை போயிருமோன்னு இவருக்குப் பயம்."

என் சிரிப்பு எங்கே போனதோ தெரியவில்லை. நாலு மாதமாக ஞாயிறு தவறாமல் அந்தப் பிள்ளையோடு பேசியிருக்கிறேன். ஒரு நாளாவது எனக்குப் பட்டதா!

"அந்தத் தோளில வச்சு வெடிச்சா எப்பிடி உதைக்கும்னு தெரியுமாலே உனக்கு? இருபத்தெட்டும் வேண்டாம் முப்பத்திரண்டும் வேண்டாம், நீ துப்பாக்கியே தொடப்பிடாது" என்று கத்தினார். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, "லீவு போடு. இங்க வர்மம் பாக்க ஞானையன் ஆசான் இருக்காரு. என் கால்முட்டைச் சரியாக்கினவரு. ஒரு மாசம் எண்ணெய் போட்டுத் தடவணும்" என்றார்.

"சரி மாமா. தக்கலையில எங்க வீட்டில தங்கிக்கிட்டு ஆசான்கிட்ட வந்து போறேன்."

"எண்ணெய் போட்ட உடம்போட தினமும் பஸ்ஸில அலையப் போறியா? இங்க முன்னறை சும்மாதான் கெடக்கு. ஆசான் வீட்டுக்கே வருவாரு."

சிவப்ரியா மெதுவாகக் கேட்டாள்: "அப்பா, அப்ப அந்த வாசப்படி?"

"அதை நான் பாத்துக்கிடுதேன். நீ ரெண்டு டிக்கெட் போடு. கறி மட்டும் கிடையாதுன்னு சொல்லிரு."

நான் அழுதேன். இதற்காகத்தானே இரண்டு வருடமாகச் சாமிகளைத் தொந்தரவு செய்துகொண்டிருந்தேன்!

போனை என்னிடம் தந்துவிட்டு அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். பேப்பரை எடுக்கவில்லை. நான் பேசி முடித்துத் திரும்பியபோதும் அப்படியேதான் இருந்தார்.

"என்ன, இப்பிடி இருக்கிய?" என்றேன்.

"மூணே வீச்சில எனக்குத் தெரிஞ்சு போச்சு, அழகி" என்றார். "ஜனவரியிலயே ஒரு நாள் அவன் முகத்தைப் பாத்துப் பேசியிருந்தேன்னா, பய இம்புட்டு நாள் வலிச்சுக்கிட்டுக் கெடந்திருக்க மாட்டான்."