கொசுறாக வந்தவன்

ரட்லெட்ஜை வேறு அணிக்குக் கைமாற்றிவிட்டார்கள் என்ற செய்தி டெல்பர்ட்டின் முடிவெட்டும் கடைக்குள் வந்தபோது ஆர்லோ ஹாக்கின் தலையில் பாதிதான் வெட்டியிருந்தது. மீதியை வெட்ட அவர் விடவில்லை. கழுத்தில் கட்டிய துணியோடு எழுந்து நின்று ரேடியோவைப் பார்த்து, "அடப்பாவிகளா!" என்றார். எதிர்சாரி மருந்துக் கடையிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

ஆர்லோவின் குரல் அப்படி. கெல்டன் மாட்டுச் சந்தையில் முப்பது வருடமாக ஏலம் விடுகிறவர். மைக் கெட்டுப்போனாலும் அவர் ஏலம் நிற்காது. சந்தை இல்லாத மாலைகளில் அந்தக் குரலைப் பேஸ்பால் மைதானத்துக்குக் கொண்டுபோய், ஆட்டக்காரர்கள் ஓடித் தொடும் மூன்றாம் தளத்துக்குப் பின்னால் நாலாவது வரிசையில் உட்கார்ந்து, எதிரணிப் பையன்களின் காதில் விழும்படி ஏதாவது சொல்வார். சுற்றியிருக்கிறவர்கள் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு கிடைக்காத நாள் அவருக்கு ஒரு நாளே அல்ல.

கெல்டன் அணி நகரத்துப் பெரிய அணிக்கு நாற்றங்கால். பத்தொன்பது, இருபது வயதுப் பையன்கள் இங்கே ஆடித் தேறினால் மேலே போவார்கள். தேறாவிட்டால் வீட்டுக்குப் போவார்கள். அவர்கள் வாங்கும் சம்பளம் வாடகைக்குக்கூடக் காணாது என்பதால், ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு பையனை வீட்டில் வைத்துச் சாப்பாடு போடுவது வழக்கம். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ரட்லெட்ஜ் ஆர்லோ வீட்டு மாடியறையில்தான் இருந்தான். மேலே போன பிறகு வருடத்துக்கு நாற்பது தடவை பந்தை வேலிக்கு வெளியே அடித்து ஹோம் ரன் எடுத்தான். ஆர்லோவின் மனைவி மார்லிஸுக்கு இன்றைக்கும் பிறந்தநாள் வாழ்த்து அனுப்புகிறான். அப்பேர்ப்பட்டவனைத்தான் பெயர் தெரியாத மூன்று பையன்களுக்காகத் தள்ளிவிட்டிருந்தார்கள்.

"அந்த மூணு பேர் யாருன்னு சொல்றான், சும்மா இருய்யா," என்றார் ரூடி. ஓய்வுபெற்ற தபால்காரர். தலையில் ஒரு முடி இல்லாவிட்டாலும் தினமும் கடைக்கு வந்துவிடுவார்.

ரேடியோ மூன்று பெயர்களைச் சொன்னது. ஒருவன் இடது கையால் பந்து வீசுகிறவன். ஒருவன் ஷார்ட்ஸ்டாப், இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவில் நின்று பந்து பிடிக்கிறவன். மூன்றாவது ஒரு வெனிசுவேலாப் பையன், யெர்சன் உர்தனேட்டா, வயது பத்தொன்பது.

"பந்து வீசறவன் தேறுவான்," என்றார் டெல்பர்ட், கத்தரிக்கோலைக் காற்றில் வெட்டியபடி. "தொண்ணூத்தேழு மைல் வேகம். ரெண்டு வருஷத்துல பெரிய அணில நிப்பான் பாரு."

"தோள் நிக்கணுமே!" என்றார் ரூடி. " அந்த வேகத்துல எறிஞ்சவன் எவனுக்குத் தோள் நின்னுச்சு? நான் சொல்றேன், அந்த ஷார்ட்ஸ்டாப்தான் சரக்கு. அவங்கப்பா என்னமா ஆடுவாரு!"

"அப்பன் ஆடினா மகன் ஆடிடுவானா? உங்கப்பா தபாலை எட்டு மணிக்குக் கொண்டு வருவாரு. நீ கொண்டு வந்த லட்சணம்தான் ஊருக்கே தெரியுமே."

மூன்றாவது பையனைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. டெல்பர்ட்தான் போனில் தேடிப் பார்த்தார். "நூறு தடவை மட்டை பிடிச்சா இருபத்தோரு தடவைதான் அடிக்கிறான். ஆளும் குள்ளம்."

"அவன் கொசுறுடா," என்றார் ஆர்லோ. "ரெண்டு கன்னுக்குட்டி வாங்கினா கட்டியிருந்த கயித்தச் சும்மா குடுத்து அனுப்பறோம்ல? அதான் இவன். கொசுறு!"

கடையே சிரித்தது. மத்தியானத்துக்குள் அந்தப் பெயர் ஊர் முழுக்கச் சுற்றிவிட்டது.

மற்ற இருவரையும் பெரிய அணி வேறு ஊர்களுக்கு அனுப்பிவிட்டது. கெல்டனுக்கு வந்தவன் மூன்றாவது பையன்தான். வியாழக்கிழமை அவன் மூன்றாம் தளத்தில் வந்து நின்றதும் ஆர்லோ எழுந்து, "வாடா கொசுறு! கயிறு கொண்டு வந்தியா?" என்று கத்தினார். வெள்ளிக்கிழமை அந்தப் பக்கத்து வரிசைகள் எல்லாமே சேர்ந்து கத்தின. எதிரணிப் பையனைச் சீண்டுவது வேறு, சொந்த அணிப் பையனைச் சீண்டுவது வேறு. அது ஆர்லோவுக்குத் தெரியாமல் இல்லை. ரட்லெட்ஜுக்காகத்தானே கோபப்படுகிறோம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

சனிக்கிழமை காலை மார்லிஸ் காரில் போய்ப் புதுப் பையனைக் கூட்டிவந்தார். மாடியறை ஒரு மாதமாகக் காலியாக இருந்தது; யார் வரப்போகிறான் என்று ஆர்லோ கேட்டுவைக்கவில்லை. வாசலில் ஒற்றைப் பெட்டியோடு இறங்கியவனைப் பார்த்ததும், வீட்டுக்குப் பின்னாலிருந்து நாயோடு வந்த ஆர்லோ நின்றுவிட்டார். வந்தவன் யெர்சன். ஆர்லோவின் கையைப் பிடித்துக் குலுக்கி, "நன்றி, மிஸ்டர் ஆர்லோ," என்றான்.

"வாப்பா," என்றார் ஆர்லோ. ரகசியம் பேசுகிறவர் குரலில்தான் அது வந்தது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஆர்லோ கிசுகிசுத்தார். சந்தையில் கத்திக் கத்தித் தொண்டை புண்ணாகிவிட்டது என்றார். மார்லிஸ் வெந்நீரில் தேன் கலந்து கொடுத்தார். மாட்டையும் மனிதரையும் முப்பது வருடமாக அதட்டியவர், ஒரு பையனுக்குப் பயந்து சொந்த வீட்டில் தேன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

அந்த வீட்டில் பெரிய சாப்பாடு பதினோரு மணிக்கு. அதை முடித்துக்கொண்டுதான் பையன் மைதானத்துக்குப் போவான். ஞாயிற்றுக்கிழமை முட்டையும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டுக்கொண்டே யெர்சன் தனக்குத் தெரிந்த கொஞ்ச இங்கிலீஷில் சொன்னான்: "இந்த ஊர் நல்லா இருக்கு. ஆனா அங்க ஒருத்தர் இருக்கார். எனக்குப் பின்னாடி. பெரிய குரல். என்னைக் கொசுறுன்னு சொல்றார். அர்த்தம் என்னன்னு பசங்ககிட்ட கேட்டேன். சொன்னாங்க."

மார்லிஸ் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தார். ஆர்லோ உப்பைத் தேடினார். உப்பு அவர் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

பையன் மாடிக்குப் போனதும் மார்லிஸ் கேட்டார்: "நீதானே?"

"நானா? டெல்பர்ட்டா இருக்கும்."

"டெல்பர்ட்டா? அவன் தும்மினாக்கூட வெளிய கேக்காது." மார்லிஸ் தட்டுகளை அடுக்கினார். "நான் அவன்கிட்ட சொல்ல மாட்டேன் ஆர்லோ. நீயே சொல்லு. வர்ற ஞாயித்துக்கெழம நம்மள மைதானத்துக்குள்ள கூப்பிட்டு அவன் பக்கத்துல நிக்க வைப்பாங்க. அதுக்குள்ள சொல்லிடு."

சொல்கிறேன் என்றார். சொல்லவில்லை. திங்கட்கிழமை ஆட்டம் இல்லை. யெர்சன் அடுப்படியில் நின்று சோள மாவைத் தட்டிக் கல்லில் சுட்டு, நடுவில் கீறி, சீஸ் வைத்து முதல் துண்டை ஆர்லோவின் தட்டில் போட்டான். போனைத் திருப்பி அவன் அம்மாவைக் காட்டினான். அந்த அம்மாள் மரக்காய்போ ஊரில் ஒரு பச்சைச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து கையாட்டினார். ஆர்லோவும் கையாட்டினார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் நிறையச் சீஸ் இருந்தது என்பதை ஒரு காரணமாக வைத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை ஆட்டத்தில் அவர் வாயைத் திறக்கவில்லை. புதன்கிழமை காலை யெர்சன், "நேத்து அந்தக் குரல் வரல. எனக்குச் சந்தோஷம்," என்றான். சொல்லும்போது ஆர்லோவைப் பார்த்துத்தான் சொன்னான். ஆர்லோ உருளைக்கிழங்குக் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினார்.

அன்று சாயங்காலம் மைதானத்தில் டெல்பர்ட் ஆரம்பித்தார். "என்னய்யா ஏலக்காரரே, வாய்க்குப் பூட்டா? கொசுறுக்கு வீட்டுல சோறு போட்டதும் அடங்கிட்டியா?"

"பொண்டாட்டி பூட்டிட்டா போல," என்றார் ரூடி.

முன்வரிசை, பின்வரிசை எல்லாம் ஆர்லோவைத் திரும்பிப் பார்த்தது. அவர் கத்தப்போகிறார் என்று பாதிச் சிரிப்போடு காத்திருந்தார்கள். மட்டையில் பட்ட பந்து தரையோடு மூன்றாம் தளத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. ஆர்லோ எழுந்தார். "கொசுறு! கால அகட்டு, பந்துக்கு வழி விடு!" என்றார்.

பந்து பையனின் காலிடுக்கில் புகுந்து போய்விட்டது. எதிரணிக்கு இரண்டு ரன். வரிசைகள் விழுந்து விழுந்து சிரித்தன. ஒருத்தர் ஆர்லோவின் முதுகில் தட்டினார். ஆர்லோவும் சிரித்தார். அந்த நிமிடம் அவருக்கு இனித்தது. பின்னால் நினைத்தபோதெல்லாம் அவர் உடம்பு கூசியது அந்த இனிப்பை நினைத்துத்தான்.

வியாழக்கிழமை பையன் பாதித் தட்டை அப்படியே வைத்துவிட்டான். "நேத்து மறுபடி அந்தக் குரல் வந்துச்சு. அம்மா போன்ல ஆட்டம் பாப்பாங்க. அவங்களுக்கும் கேட்டிருக்கு. அந்த ஆளு என்ன கத்தறாருன்னு கேட்டாங்க." தண்ணீரை ஒரு வாய் குடித்தான். "நல்லா ஆடுன்னு சொல்றார்னு சொல்லிட்டேன்."

ஆர்லோவுக்கு முகம் எரிந்தது. பச்சைச் சுவருக்கு முன்னால் தனக்குக் கையாட்டிய அந்த அம்மாள் நினைவில் வந்து நின்றார். வெள்ளியும் சனியும் மைதானத்துப் பக்கமே போகாமல் மாடு பார்க்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு ஊரைச் சுற்றினார். கோழை என்று தன்னைத்தானே திட்டினார். திட்டுவதற்கு இருந்த தெம்பு சொல்வதற்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதிய ஆட்டத்துக்கு முன்னால், பையன்களை வீட்டில் வைத்திருக்கும் குடும்பங்களை மைதானத்துக்குள் கூப்பிட்டார்கள். ஒலிபெருக்கியில் பெயர் வாசிக்க வாசிக்க ஒவ்வொரு குடும்பமும் தன் பையனோடு கோட்டில் போய் நின்றது. யெர்சனுக்கு ஒரு பக்கம் மார்லிஸ், மறுபக்கம் ஆர்லோ. பெயர் வாசித்ததுதான் தாமதம், மூன்றாம் தளத்துக்குப் பின்னாலிருந்து கிளம்பிவிட்டது.

"கொசுறு! கொசுறு!"

கெட்ட எண்ணத்தில் கத்தவில்லை. குஷியில்தான் கத்தினார்கள். அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. டெல்பர்ட்டுக்குக்கூட எங்கிருந்தோ குரல் வந்துவிட்டது: "பேர் வச்ச அப்பன் பக்கத்துலயே நிக்கறான் பாருங்கடா!"

ஒரே ஒரு அதட்டலில் அத்தனை வரிசைகளையும் அடக்கிவிட ஆர்லோவால் முடியும். சந்தையில் முரண்டு பிடிக்கும் காளையே அந்த அதட்டலுக்கு நின்றுவிடும். மார்லிஸ் அதற்காகத்தான் அவரைப் பார்த்தார். ஆர்லோ தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். யெர்சன் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்து, நேராகப் பார்த்தபடி நின்றான். கடைசியில் மார்லிஸ்தான் அவன் முதுகில் கை வைத்தார்.

ஆட்டம் முடிந்து கார்கள் நிற்கும் இடத்துக்கு வந்தபோது வெயில் இன்னும் சுட்டது. மார்லிஸ் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். யெர்சன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான். ஆர்லோ அவனை வழிமறித்து, அதே கிசுகிசுப்பில், "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்பா. அந்தக் குரல் இருக்குல்ல," என்று தொடங்கினார்.

"தெரியும்," என்றான் யெர்சன்.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. முதல் நாள் மேடம் காரை நிறுத்தும்போது நீங்க வீட்டுக்குப் பின்னாடி நாயைக் கூப்பிட்டீங்க. அதே குரல்." பையை மறு தோளுக்கு மாற்றினான். "சாப்பிடும்போது நான் மேடம்கிட்ட சொல்லல, மிஸ்டர் ஆர்லோ. உங்ககிட்டதான் சொன்னேன். மூணு தடவை சொன்னேன். நிறுத்துவீங்கன்னு நினைச்சேன்."

ஆர்லோவுக்கு நின்ற இடத்திலேயே புதைந்துபோகலாம் போல இருந்தது. தான் ஒளிந்திருப்பதாக நினைத்துத் தேன் தண்ணீர் குடித்த அத்தனை நாளும் இந்தப் பையன் எதிரில் உட்கார்ந்து அவருக்கு நேரம் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"மன்னிச்சுடுப்பா," என்றார். அதுவும் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

"அங்க சொன்ன மாதிரி சொல்லுங்க," என்றான் யெர்சன்.

ஆர்லோ சுற்றிலும் பார்த்தார். எங்கும் குடும்பங்கள். இரண்டு வண்டி தள்ளி டெல்பர்ட்டும் ரூடியும் ஐஸ் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மார்லிஸ் கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டு, முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சுடு, யெர்சன்!"

அத்தனை தலைகளும் திரும்பின. டெல்பர்ட் சிரித்துவிட்டார். "யோவ், இன்னைக்கு யாரை ஏலம் விடற?" நாலைந்து பேர் கூடச் சேர்ந்து சிரித்தார்கள். ஆர்லோ எது சொன்னாலும் சிரித்தே பழகியவர்கள்.

யெர்சன் சிரிக்கவில்லை. காத்திருந்தான்.

"நான் பண்ணது கேவலம்! அந்தப் பேரை வச்சது நான்தான்! மன்னிச்சுடு!" குரல் நடுவில் உடைந்தது. முப்பது வருடத்தில் அது உடைந்து யாரும் கேட்டதில்லை. இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை. ரூடி ஐஸ் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கேட்டுச்சு," என்றான் யெர்சன். பின் கதவைத் திறந்து மார்லிஸுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டான்.

மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. வீடு வந்து சேரும்வரை ஆர்லோ அதற்காகக் காத்துக்கொண்டே வண்டி ஓட்டினார்.